நேத்தைக்கு இன்னிக்குக் கம்மி

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தியானக் கூட்டத்தை நடத்துகிறவர் காம்ளே சார். நான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கியதும், ஒன்று எழுதித் தரச் சொன்னார். நோயின் வலியை நான் எப்படிச் சமநிலையோடு தாங்கினேன் என்று எழுதினால், கூட்டத்துக்கு வருகிற மற்றவர்களுக்கு உதவும் என்றார். எழுத உட்கார்ந்தபோதுதான் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. நடந்தது வேறு. அதை எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சூடாகிறது.

எங்களுக்கு ஆம்பூர் பக்கம். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அண்ணன் முருகேசன் சிறு வயதிலேயே ஐதராபாத்துக்கு வந்து, சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவர் அனுப்பியதில்தான் நான் பாலிடெக்னிக் முடித்தேன். பிறகு அதே ஊரின் மறுகோடியில், குஷாய்குடா பக்கத்தில் இருக்கிற அரசுத் தொழிற்சாலையில் எனக்கு டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அண்ணனும் அண்ணியும் நானும் அங்கேயே இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தோம். அண்ணன் இப்போதும் பஸ் மாறி சனத்நகர் போய் வருகிறார். எனக்கு வசதியான இடத்தில் வீடு என்பதால் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்த காம்ளே சார் பிறவியிலேயே பௌத்தர். அவர் சொல்லித்தான் ஊருக்கு வெளியே நடந்த பத்து நாள் தியானப் பயிற்சிக்குப் போனேன். அங்கே சொல்லிக்கொடுத்தது கேட்க எளிமையானது. உடம்பில் தோன்றும் உணர்ச்சிகள் மூன்று வகை: இன்பமானது, துன்பமானது, இரண்டும் இல்லாதது. இன்பம் வந்தால் மனம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்க்கும். துன்பம் வந்தால் தள்ளப் பார்க்கும். பிடிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். எழுவதையும் மறைவதையும் தெரிந்துகொண்டிரு. அதுதான் சமநிலை. ஒரு மணி நேரம் காலை மாற்றாமல் உட்காரச் சொல்வார்கள். முழங்கால் நெருப்பாக எரியும். எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அந்த எரிச்சல் துண்டு துண்டாக உடைந்து வெறும் அதிர்வாகிவிடும். அது எனக்கு நடந்தது. அந்த அனுபவம் பொய்யில்லை. அதை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் என்ன ஆட்டம் ஆடினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

ஒரு நாள் அண்ணி கறிக்குழம்பு வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நாக்குல ஒரு உணர்ச்சி வருது அண்ணி. போவுது” என்றேன்.

அண்ணி அண்ணனைப் பார்த்தார். “உங்க தம்பிக்கு நாளையிலேர்ந்து வெந்நீரு ஊத்தறேன். அதுவும் வரும், போவும்.”

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் இன்பத்தைப் பிடித்ததாக ஆகிவிடும் என்று இருந்தேன். இப்படித்தான் அந்த ஒரு வருடம் முழுக்க அவர்களோடு வாழ்ந்தேன்.

வலி முதலில் தொப்புளைச் சுற்றி வந்தது. மறுநாள் கீழே இறங்கி, வலது இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக ஓரிடத்தில் நின்றுகொண்டது. வாந்தி எடுத்தேன். அண்ணன் டாக்டரிடம் போகலாம் என்றார்.

“வெறும் உணர்ச்சிதாண்ணா. வரும், போவும்.”

“வந்துகினே கீது. போற மாதிரி தெரியலியேடா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வலி வந்ததில் உள்ளூரச் சந்தோஷம். முழங்கால் வலியெல்லாம் சின்னப் பரீட்சை, இதுதான் பெரிய பரீட்சை என்று நினைத்தேன். பரீட்சைகளில் தேறித்தான் நான் எங்கள் வீட்டில் மதிப்புப் பெற்றிருந்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த நாள் காலை சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். வலி ஏறி ஏறி, இதற்கு மேல் முடியாது என்ற இடத்துக்கு வந்தது. அசையவில்லை. திடீரென்று விட்டது. வயிற்றுக்குள் ஏதோ அவிழ்ந்த மாதிரி, இளஞ்சூட்டு நீர் பரவின மாதிரி ஒரு சுகம். கண்ணில் நீர் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போய் அண்ணியிடம், “பாத்தீங்களா, போயிடுச்சு. உக்காந்தே கரைச்சிட்டேன்” என்றேன். தயிர் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இன்பத்தைப் பிடிக்கக் கூடாது என்று ஆயிரம் தடவை கேட்டிருந்தவன், அந்தச் சுகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது ஏன் வந்தது என்று ஒரு நொடிகூடக் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. விரல் வைத்தால் உயிர் போனது. அண்ணன் ஆட்டோவில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் அலறினேன். கெட்ட வார்த்தைகளும் வந்தன. எங்கள் ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக நான் நினைத்திருந்த வார்த்தைகள்.

டாக்டர் தெலுங்குக்காரர். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து வலி என்று தெலுங்கில் கேட்டார். சொன்னேன். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்றார்.

“கவனித்துக்கொண்டிருந்தேன்.”

“எதை?”

“வலியை.”

டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டெல்லா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் செகந்திராபாத் தமிழ்க்காரர்; பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அவர் என்னிடம் ஐதராபாத் இந்தி கலந்த தமிழில், “கைக்கு தம்பி, எதுக்கு? வேடிக்கை பாக்குறதுக்கு அது என்னா சினிமாவா?” என்று கேட்டுக்கொண்டே கையில் ஊசியைக் குத்தினார்.

குடல்வால் என்று ஒன்று உண்டு. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் நீளத்துக்குத் தொங்குகிற ஒரு சிறிய வால். அது அடைத்துக்கொண்டு வீங்கியிருக்கிறது. வீங்கியதை நேரத்தோடு எடுத்துவிட்டால் சின்ன விஷயம். விட்டுவிட்டால் பழுத்து வெடித்து, உள்ளே இருக்கிற அசுத்தமெல்லாம் வயிறு முழுக்கப் பரவும். வெடிக்கிற நேரத்தில் உள்ளே இருந்த அழுத்தம் விடுபடுவதால், சில பேருக்குக் கொஞ்ச நேரம் வலி குறைந்து சுகமாக இருக்குமாம். டாக்டர் இதை அண்ணனுக்குச் சொன்னபோது நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஞானம் வெடித்த குடல்வால் என்று அப்போது தெரிந்தது.

அன்றைக்கே வயிற்றைத் திறந்து கழுவினார்கள். பிழைத்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில நாள் கழித்துத் தையலின் கீழ்ப்பக்கம் சிவந்தது. கட்டைப் பிரித்தபோது வந்த நாற்றம் புண்ணின் நாற்றம் இல்லை. குடலில் ஓரிடம் புரையோடி, தோல் வரைக்கும் ஒரு துளை விழுந்திருந்தது. சாப்பிட்டது அதன் வழியாக வெளியே கசிந்தது. கழிவறையில் போக வேண்டியது வயிற்றின் மேல் வந்துகொண்டிருந்தது.

பெரும்பாலும் இது தானாகவே மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். காத்திருந்து பார்ப்போம். கசிவு நாளுக்கு நாள் குறைந்தால் நல்லது. குறையாவிட்டால் மறுபடி திறக்க வேண்டும். இரண்டாவது முறை திறப்பது சுலபமில்லை; குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது இன்னோர் இடத்தில் கிழியலாம். எல்லோரும் எழுந்து வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு என் உலகமே அந்தக் கட்டின் ஈரத்தில் வந்து நின்றது. குறைகிறதா, இல்லையா.

சிஸ்டர் காலையில் ஒருமுறை மருந்து போட்டுக் கட்டுவார். அவர் ஒருவர், வார்டில் முப்பது கட்டில்; இடையில் நனைந்தால் கூட இருப்பவர்கள்தான் மாற்ற வேண்டும். மருத்துவச் செலவைத் தொழிற்சாலை பார்த்துக்கொண்டது. ஆனால் அண்ணன் பட்டறையில் நாள் கூலி. வராத நாளுக்குக் காசு இல்லை. அதனால் பகலில் என்னோடு இருந்தது அண்ணி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். தன் பழைய நூல் புடவைகளைக் கிழித்து, கொதிக்கவைத்துக் காயவைத்து, மடித்துக் கொண்டுவருவார். நனைந்த துணியை எடுத்து, சுற்றிலும் துடைத்து, தோல் வெந்துபோகாமல் வெள்ளைக் களிம்பைத் தடவி, புதுத் துணியை வைத்துக் கட்டுவார். எடுத்ததை வார்டுக் கோடியில் இருக்கிற குழாயில் அலசுவார். தீபாவளிக்கு நான் என் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவை ஒரு நாள் என் வயிற்றின் மேல் வந்தது.

அந்த நேரங்களில் நான் என்ன செய்தேன் என்றால், கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சைப் பார்த்தேன். முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டேன். நாற்றமும் வெறும் உணர்ச்சி, வெட்கமும் வெறும் உணர்ச்சி என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணியின் கை என் தோல்மேல் படும்போது, இது என் உடம்பே இல்லை என்ற மாதிரி கிடந்தேன்.

கட்டி முடித்ததும் அண்ணி சொல்வார்: “நேத்தைக்கு இன்னிக்குக் கம்மி தம்பி.”

நான் கண்ணைத் திறக்காமலே தலையசைப்பேன். மறுநாளும் அதே வார்த்தை. அதற்கு மறுநாளும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சுக்குள் தேன் இறங்கும். பெரிதாகச் சந்தோஷப்படவில்லை, ஆகவே சமநிலையில் இருக்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ராத்திரி வார்டில் யாராவது முனகிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்துக் கட்டில் ஒரு நாள் காலியாகிக் கிடந்தது. அப்போதெல்லாம் என்னைத் தூங்கவைத்தது தியானம் என்று நினைத்தேன். விடிந்தால் அண்ணி வந்து கம்மி என்று சொல்வார் என்ற நினைப்புத்தான் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்ளே சார் பார்க்க வந்தார். நல்ல மனிதர். என் படுக்கையிலிருந்து அவருக்கு நாற்றம் அடித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. அண்ணி அவருக்கு அரைகுறை இந்தியில் என் கதையைச் சொன்னார்: வலிக்கும்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான், இப்போதும் கட்டு மாற்றும்போது அசையவே மாட்டான் என்று. காம்ளே சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கும்போது உணர்ச்சி எப்படி எழுகிறது, எப்படி மாறுகிறது என்று நன்றாகக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றார். நான் வெட்கப்படுவது போலச் சிரித்தேன். மனம் குளிர்ந்துபோயிருந்தது.

மறுநாள் கட்டு மாற்றும்போது கண்ணைத் திறந்தது அதற்காகத்தான். அவரிடம் நுணுக்கமாகச் சொல்ல வேண்டுமே, பார்த்துவைத்துக்கொள்ளலாம் என்று.

அண்ணி குனிந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தார். துணி முழுக்க நனைந்திருந்தது. அடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பு வரை மஞ்சளாக வழிந்திருந்தது. அதைச் சட்டென்று உள்பக்கமாக மடித்து வாளியில் போட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். அருவருப்பு இல்லை. உதடு வெளுத்து, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். பயந்துபோன முகம். களிம்பு தடவி, புதுத் துணி வைத்து முடிச்சுப் போட்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நன்றாகப் பழகிப்போன குரலில், “நேத்தைக்கு இன்னிக்குக் கம்மி தம்பி” என்றார்.

“இதா கம்மி?”

அண்ணி திரும்பினார். “கண்ண மூடிக்கினு உன் வேலையப் பாரு.”

“எத்தினி நாளா இப்பிடி அண்ணி?”

அண்ணி வாளியைத் தூக்கப் போனார். நான் புடவை முந்தானையைப் பிடித்தேன். அப்படிப் பிடித்தது தப்புத்தான்.

“கம்மியாவே இல்ல” என்றார். “ரெண்டு நாளு கொறஞ்சுது, அப்புறம் ஜாஸ்திதான். டாக்டரு உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டாரு. வியாழக்கெழம மறுபடி தொறக்கணுமாம். முன்னாடி நாளு உன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தோம்.”

“சிஸ்டருக்கும் தெரியுமா?”

“அவங்கதான், இப்ப நக்கோ, வேணாம், அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க.”

“என்கிட்ட ஏன் மறைக்கணும்?”

“நீதான் நிம்மதியா குந்திகினு இருந்தியே. காலையில உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உங்கண்ணன் வேலைக்கே போவுது. ‘தம்பி தைரியமாகீறான்டீ’ன்னு சொல்லிக்கினே போவுது. அதக் கெடுக்கச் சொல்றியா?”

நான்தான் முதலில் அழுதேன். சாமான்யமாக இல்லை, அடிவயிறு குலுங்கி, கட்டுக்குள் சூடாக மறுபடி கசிகிற அளவுக்கு அழுதேன். சாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். பிறகு அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எத்தனை நாள் சேர்த்து வைத்ததோ. நான் கண்ணை மூடிக்கொண்டு சாந்தமாகக் கிடந்த ஒவ்வொரு தடவையும், அந்தத் துணியை அவர் தனியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு எனக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யில் நான் சமநிலையாக இருந்திருக்கிறேன். அந்தச் சமநிலையைப் பார்த்து அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறார்.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். இருவரையும் பார்த்தார். “ஹவ், சரி, சொல்லியாச்சா? நல்லது. அழுறது அழுங்க, வயித்த மட்டும் கையால அமுக்கிப் பிடிச்சுக்கோ தம்பி. தையல் எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வரை கட்டை நான்தான் மாற்றினேன். கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் தடவை துணியைத் தூக்கியதும் குமட்டி, வாய்க்குக் கையைக் கொண்டுபோய், அந்தக் கையிலும் அதுதான் இருந்தது என்று பிறகுதான் கவனித்தேன். கண்ணீரோடு அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூஞ்சியப் பாரு. உன்னோட சொந்தச் சரக்குதான் தம்பி.”

அப்போது நடந்ததைத்தான் காம்ளே சார் கேட்டாரோ என்னவோ. தொண்டை மேலே ஏறியது. காது சுட்டது. கை பின்னால் போகப் பார்த்தது. துணியை எடுத்தேன். நாற்றம் இருந்தது, வெட்கம் இருந்தது, பயமும் அப்படியே இருந்தது. எதுவும் கரையவில்லை. இருக்கும்போதே கை வேலையைச் செய்தது. களிம்பு சில்லென்று இருந்தது. அது சுகமாக இருந்தது. சுகம் என்று தெரிந்தது. அவ்வளவுதான். இதற்குமேல் ஏதாவது சொன்னால் மறுபடி பெருமையாகிவிடும்.

புதன்கிழமை சாயந்தரம் அண்ணன் வந்தார். அவரிடம் தைரியமான முகத்தைக் காட்டிவிடத்தான் மனம் ஓடியது. இத்தனைக்குப் பிறகும். “பயமா இருக்குண்ணா” என்றேன். அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்கும்தான்டா. யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன்” என்றார். கட்டிலில் என் காலருகே உட்கார்ந்து, கிரீஸ் போகாத விரலால் என் பாதத்தைப் பிடித்துவிட்டார். இதையெல்லாம் பிறகு நினைக்கும்போது எனக்கு வருவது நன்றி இல்லை, வெட்கம்தான். ஒரு வருடம் அந்த மனிதரின் முன்னால் ஒன்றும் தேவைப்படாதவன் போல நடமாடியிருக்கிறேன்.

வியாழக்கிழமை திறந்தார்கள். குடல்கள் ஒட்டித்தான் இருந்தன. நேரமாயிற்று. துளை இருந்த துண்டை வெட்டி எடுத்து, நுனிகளைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் பிடித்தது. டாக்டரின் கையால் பிழைத்தேன். நான் கலங்காமல் இருந்ததாலும் இல்லை, கலங்கியதாலும் இல்லை.

காலையில் இப்போதும் உட்காருகிறேன். அண்ணி சமையலறையிலிருந்து கூப்பிட்டால் எழுந்து போகிறேன். இதை எழுதி முடித்ததும், அண்ணிக்குப் படிக்க வராது என்பதால், படித்துக் காட்டினேன். அவர் செய்ததை அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நாற்றம், புடவை, பொய் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், “நான் அழுதத எதுக்குப் போட்ட?” என்றார்.

“நடந்துது இல்லியா அண்ணி. எடுத்துடட்டுமா?”

கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும். ஆனா நீ அழுதது முன்னாடி இருக்கணும். தெரியுதா? உன்னுதுதான் மொதல்ல.”

போட்டிருக்கிறேன்.